அவருக்கு மிஞ்சிய சொல்

1

போன வியாழக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இந்த ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. திறந்தால் ஒரு தமிழ்ப் பெண். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். கோட்டின் பொத்தான்களைப் போட முடியவில்லை, ஐந்து மாத வயிறு. பிரான்சின் இந்தத் தெற்கு மூலையில் மூன்று வருஷமாக நாங்கள் மட்டும்தான் தமிழர். அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது.

"நீங்கதான் புதுச்சேரிக்காரங்களா?"

"ஆமாம்மா. உள்ள வா."

"உள்ள வர்றது கெடக்கட்டும். மெரில ஒக்காந்திருக்கானே செவப்பு மீசக்காரன், அவனுக்கு யாருங்க தமிழ் சொல்லிக் குடுத்தது?"

மெரி என்பது நம் ஊர்க் கடற்கரையில் இருக்கிறதே, அதே மாதிரி நகராட்சி ஆபீஸ். அவள் பெயர் பூங்காவனம். கதிர்காமத்துப் பெண். புருஷனுக்கு இங்கே ரயில் பட்டறையில் வேலை கிடைத்து, வந்து மூன்று வாரம் ஆகிறதாம். பேரைப் பதிய இருவரும் மெரிக்குப் போயிருக்கிறார்கள். புதுச்சேரி என்று காகிதத்தில் பார்த்ததும் அந்த குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்து, கைகூப்பி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னானாம்: "நாசமாப் போ, மதாம்!"

"புள்ளத்தாச்சிங்க நான்," என்றாள் பூங்காவனம். அதுவரை இருந்த கோபம் போய்க் குரல் உடைந்தது. "இந்த ஊருக்கு வந்து என் காதுல வுழுந்த மொதத் தமிழ் அதாங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அந்தச் சொல் எந்த வீட்டிலிருந்து மெரிக்குப் போனது என்று எனக்குத் தெரியும். என் கணவர் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள்தான் அதிகம் தப்பாக நினைத்திருப்பீர்கள். பூங்காவனத்துக்கு வாசலில் நின்று சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

2

என் கணவர் தேவநாதன் புதுச்சேரிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர் போய்க் கொடி மாறியது. கோர்ட்டு அப்படியே இருந்தது. சட்டமும் பிரெஞ்சு, நீதிபதி பேசுவதும் பிரெஞ்சு. வருகிற ஜனம் தமிழ். நடுவில் இவர். மீன் கூடைக்குச் சண்டை, வரப்புக்குச் சண்டை, குடித்துவிட்டுச் சண்டை, எல்லாம் இவர் வாய் வழியாகத்தான் நீதிபதி காதுக்குப் போக வேண்டும். சாட்சி சொன்ன வசவை அப்படியே தமிழில் ஒரு தரம் உரக்கச் சொல்வார், பதிவாக வேண்டும் என்பதற்காக. பிறகு பிரெஞ்சில் சொல்வார். எவ்வளவு அழுக்கு வசவும் அவர் சொன்னால் வெளுத்து மடித்த வேட்டி மாதிரி வரும். வீட்டில் என்னை 'சனியனே' என்றுகூடச் சொன்னதில்லை.

ஐம்பத்தாறில் ஒரு நாள் காலை கோர்ட்டுக்குக் கிளம்பி கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கை பொத்தானை விட்டு வழுக்கி வழுக்கிப் போனது. "செங்கமலம், தல…" என்றார். என் பெயரை அவர் சொன்னது அதுதான் கடைசி. வாந்தி எடுத்தார். சாய்ந்தார். ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் குறட்டை மாதிரி மூச்சு.

அங்கே டாக்டர் சவரிமுத்து என்று ஒருவர். நம்மவர், பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார். தண்ணீர் மாதிரி இருக்க வேண்டியது ரத்தமாக வந்தது. "மூளைக்குள்ள ரத்தக்குழா வெடிச்சிருக்கும்மா," என்றார். கண்ணை விரித்து விளக்கடித்துப் பார்த்தார், காலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், "மூணு நாள் தாங்கறது கஷ்டம். தாங்கினாலும் எழுந்திருக்க மாட்டாரு," என்றார்.

என் மூத்தார் மூலக்குளத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஆஸ்பத்திரில அனாதையாட்டம் போவ வேணாம். வூட்டுல வச்சு மூச்சு அடங்கட்டும்," என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. டாக்டரே சொல்லிவிட்டாரே.

என் மகள் வசந்தாவுக்கு அப்போது பதினேழு வயது. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். "பெரியப்பா, மூணு நாள்தான சொன்னாரு? அந்த மூணு நாளு இங்கியே இருக்கட்டும். என்ன கொறஞ்சு போவுது?"

மூன்று நாளும் அவள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டை ஈரப்படுத்தினாள். நர்ஸிடம் கேட்டுக் கேட்டு அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் படுக்க வைத்தாள். மூச்சு அடைக்காமல் வாயைத் துடைத்தாள். மூன்று நாள் போனது, பிறகு ஒரு வாரமும் போனது. ஒரு நாள் அவர் கண்ணைத் திறந்து, அவள் அசைந்த பக்கமெல்லாம் பார்வையைத் திருப்பினார்.

டாக்டர் சவரிமுத்து வந்து கட்டிலருகில் நின்றார். எங்களிடம் பேச வந்தவர் மாதிரி இல்லை, தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி சொன்னார்: "நாங்க பொழைக்க மாட்டாருன்னு சொல்றோம். வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிடறாங்க. தண்ணி இல்ல, திருப்பிப் போட ஆளில்ல. செத்துடறாரு. எங்க சொல்லு சரியாப் போச்சுன்னு எழுதி வச்சிக்கறோம். சரியாத்தான் சொன்னமா, இல்ல நாங்க சொன்னதால செத்தாரா?"

அன்றிலிருந்து அவர் ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். மூளையில் ரத்தம் கசிந்து வருகிற ஒவ்வொருவரையும் முதல் நாள் எப்படி இருந்தார் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர்கள் வீடு திரும்பிய பிறகும் சைக்கிளில் போய்ப் பார்ப்பார். யாரால் தானே சாப்பிட முடிகிறது, யார் நடக்கிறார், யார் பேசுகிறார். முதல் நாள் பார்த்ததை வைத்துப் பின்னால் வருவதைச் சொல்ல முடியுமா, எவ்வளவு நாள் பொறுத்துச் சொல்ல வேண்டும், எதைச் செய்தால் சொன்னதைவிட நன்றாக ஆவார்கள் என்பதுதான் அவர் கேள்வி. அசையாமல் படுக்கப் போடுவதுதான் அப்போது வழக்கம். இவர் சீக்கிரமே உட்கார வைத்தார், கை காலை மடக்கி நீட்டச் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் மாதம் ஒருமுறை வருவார். ஆறாம் மாதம் என் கணவர் தடி ஊன்றி நடந்தார்.

3

அந்தச் சொல்லைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லக் கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த சில நாளில் முதல் முறையாகக் கஞ்சி கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் விழுங்கினார். என்னை அன்பாகப் பார்த்தார். வாயைக் கோணிக்கொண்டு முயற்சி செய்தார். நான் குனிந்தேன். "நாசமாப் போ," என்றார்.

பக்கத்துக் கட்டில் நோயாளியின் பெண்சாதி சிரித்துவிட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்து அதிர்ந்துபோனார். தலையை ஆட்டினார், மறுபடி முயன்றார். மறுபடியும் அதேதான் வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, போதுமென்றாலும் அது, வசந்தாவைக் கூப்பிடவும் அது. பத்து வரைக்கும் எண்ணச் சொன்னால் ஒண்ணு ரெண்டு என்று கடகடவென்று வந்துவிடும். யாராவது பாட ஆரம்பித்தால் கூடவே பாடுவார், சொல் தவறாமல். ஆனால் பேச வாயைத் திறந்தால் அது ஒன்றுதான். கோர்ட்டில் ஆயிரம் பேருக்காக உரக்கச் சொன்ன சொல் எங்கோ ஆழத்தில் தங்கிவிட்டதோ என்று டாக்டரைக் கேட்டேன்.

"இருக்கலாம். பேச்சு போறவங்களுக்கு வசவும் பாட்டும் எண்ணிக்கையும் மிஞ்சும், அது எல்லா நாட்டுலயும் உண்டு. ஏன் அந்தச் சொல்லு மட்டும்னு கேட்டா, எங்களுக்குத் தெரியாது," என்றார்.

டாக்டருக்கு அது நோய். தெருவுக்கு அது சாபம். பார்க்க வந்தவர்கள் அடுத்த முறை வரவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்து பதினாறாம் நாள், எங்கள் வீட்டுக்கு மட்டும் அழைப்பு இல்லை. நான் குற்றம் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அழைத்திருக்க மாட்டேன்.

4

ஐம்பத்தேழில் வசந்தாவைப் பெண் பார்க்க லாஸ்பேட்டையிலிருந்து வந்தார்கள். நல்ல இடம். பையன் குமாஸ்தா. வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் என்று சொல்லியிருந்தேன், மற்றதைச் சொல்லவில்லை. அவரைப் பின்கட்டு அறையில் உட்காரவைத்து, "நீங்க வர வேணாங்க," என்றேன். தலையை ஆட்டினார்.

காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போது தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. கோர்ட்டுக் கோட்டை இடது கையாலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொத்தான்கள் மாறி மாறிப் போட்டிருந்தன. மகளைப் பார்க்க வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் ஒரு தகப்பன் எப்படி உள்ளே உட்கார்ந்திருப்பான்? அதுதான் அவர் நினைத்தது, எனக்குத் தெரியும். பையனின் அம்மாவுக்கு எதிரில் நின்று ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து, எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாக அதைச் சொன்னார்.

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் என்னென்னவோ சொன்னேன். "வேணும்னு சொல்லலம்மா, வியாதிம்மா…"

"தெரியுதும்மா. ஆனா நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பெரியவங்க வாயில வந்துடுச்சே. பலிச்சிடும்னு பயமா இருக்கு," என்றார். கத்தவில்லை, சண்டை போடவில்லை. தாம்பூலம் எடுக்காமல் போனார்கள்.

அன்று சாயந்திரம் வசந்தா அவர் கோட்டைக் கழற்றிப் பொத்தான்களைச் சரியாகப் போட்டு ஆணியில் மாட்டினாள். "நீ ஏன்மா அழுவற? அப்பா வாங்கன்னுதான சொன்னாரு," என்றாள். நான் அவளுக்காக அழவில்லை. என்னை ஊர் என்ன சொல்லும் என்று அழுதேன்.

அந்த மாதம் டாக்டர் வந்தபோது ஒன்று கேட்டார். மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் இவரைக் காட்ட வேண்டும். மூணு நாள் தாங்க மாட்டார் என்று டாக்டரே சொன்ன ஆள் நடந்து வருவதை அவர்கள் பார்க்க வேண்டும். நான் முடியாது என்றேன். கணவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து வாசலுக்கே போய்விட்டார். அப்புறம் நான் எங்கே மறுப்பது?

5

படிக்கட்டு மாதிரி பெஞ்சுகள் போட்ட ஹால். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள். முன் வரிசையில் வயதான டாக்டர்கள் சிலர். டாக்டர் சவரிமுத்து முதல் நாள் நிலைமையைச் சொன்னார், தான் சொன்ன ஆரூடத்தையும் மறைக்காமல் சொன்னார். பிறகு, "உங்க பேரு என்னங்க?" என்று என் கணவரைக் கேட்டார்.

அதே பதில்தான். ஹால் முழுக்கச் சிரிப்பு. முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சுவரோரம் முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "இவரு கோர்ட்டுல நாலு பாஷை பேசினவரு. இப்ப என்ன சொல்றாருன்னு நமக்குப் புரியல. புரியறவங்க ஒருத்தர் இங்க இருக்காங்க," என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "அம்மா, இங்க வாங்க."

முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டேன். ஆனால் கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனேன். அவர் சொன்னார், தாழ்ந்த குரலில், கடைசி எழுத்தை இழுத்து.

"தண்ணி வேணும்ங்கறாரு," என்றேன். கொடுத்தார்கள். குடித்தார். மறுபடி சொன்னார், குறுக்கி.

"போதுமாம், எல்லாரும் நல்லாருக்கீங்களாங்கறாரு."

அடுத்தது அந்தக் கைக்குட்டைப் பெரியவரைப் பார்த்து. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, கோர்ட்டில் நீதிபதியிடம் பேசுகிற மாதிரி. "சிரிச்சதுக்கு வருத்தமில்ல, உட்காரட்டுமான்னு உத்தரவு கேக்கறாரு," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அதுவும் வெட்கமாகவே இருந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் புருஷன் வாயிலிருந்து வரும் வசவுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட, அவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம் என்று நினைத்தேன். வசந்தா அப்படி நினைக்கவில்லை. அடுத்த வருஷம் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். இப்போது டாக்டரின் வார்டில் யாருக்கும் ஒரு வாரம் ஆவதற்கு முன்னால் 'தேறாது' என்று சொல்வதில்லையாம். முன்னைவிட அதிகம் பேர் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று கடிதத்தில் எழுதுகிறாள்.

6

ஐம்பத்தொன்பதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் தம்பி எங்களை இங்கே வரவழைத்தான். நல்ல வைத்தியத்துக்குப் போகிறோம் என்று ஊரில் சொன்னோம். அதுவும் உண்மைதான். ஆனால் தமிழே தெரியாத ஊர் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. வசந்தா வர மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குப் பிறகு இரண்டு தங்காமல் போய், வெகுகாலம் கழித்துப் பிறந்த குமாருக்கு ஐந்து வயது. அப்பா விழுந்தபோது இரண்டு வயதுக் குழந்தை அவன். எங்களைக் குடிவைத்த கொஞ்ச நாளில் தம்பியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

வந்த முதல் வாரம் ரொட்டிக் கடைக்காரியிடம் இவர் அதைச் சொன்னார். அவள் "மெர்சி, முசியே," என்று நன்றி சொல்லி ஒரு ரொட்டியை அதிகமாக வைத்தாள். தெருவில் நின்று சிரித்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கப்புறம் வந்த சிரிப்பு. தபால்காரருக்கும் ஆஸ்பத்திரியில் வாரம் இருமுறை இவரோடு பாடிப் பாடிப் பேச்சுப் பழக்குகிற சின்னப் பெண்ணுக்கும் இவர் தினமும் அதைச் சொல்கிறார். எல்லோரும் இவரை நல்ல மனிதர் என்கிறார்கள்.

அசிங்கம் இப்போது என் பக்கம் வந்துவிட்டது. என் பிரெஞ்சு அவரிடம் கற்றது. அவர் என்னிடம் பேசியதைக் கேட்டுக் கற்றது. புருஷன் பெண்சாதியைக் கூப்பிடுகிற ஒருமையில்தான் எனக்கு எல்லாமே தெரியும். மெரியில், கடையில், டாக்டரிடம் எல்லோரையும் 'த்யூ' என்று நீ போட்டுப் பேசிவிடுவேன். குமார் என் கையை இழுப்பான். "அம்மா, பேசாத. நான் பேசறேன்." எட்டு வயதுப் பையன். அவன் தமிழ் என்னிடம் கேட்ட தமிழ் மட்டும். அந்தச் சொல்லை நான் வாயால் உச்சரிப்பதே இல்லை.

பென்ஷன் வர வேண்டுமென்றால் இவர் உயிரோடு இருக்கிறார் என்று மெரியில் அத்தாட்சி வாங்க வேண்டும். ஆளே நேரில் போய் நிற்க வேண்டும். இந்த வருஷம் நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்பதால் அதற்கும் மேலே நாலு காகிதம். அப்போதுதான் அந்த மீசைக்கார குமாஸ்தா இவரிடம் பெயரைக் கேட்டான், இவர் பதில் சொன்னார். குமாஸ்தா குமாரைப் பார்த்தான். குமார் "போன்ஷூர் என்கிறார்" என்று, அதாவது வணக்கம் சொல்கிறார் என்று, சொன்னது என் காதில் விழுந்தது. சமயோசிதமாகச் சமாளிக்கிறான் என்று நினைத்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

7

பூங்காவனம் நான் சொன்னதை நின்றபடியே கேட்டாள். பிறகு உள்ளே வந்து என் கணவருக்கு முன்னால் நின்று, "தெரியாமக் கத்திட்டேன் மாமா," என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா அந்த மீசக்காரனுக்கு யாராவது சொல்லணும்மா," என்றாள் என்னிடம். "எங்கூட்டுக்காரரு கோவக்காரரு. இன்னொரு தரம் சொன்னான்னா அடிச்சிடுவாரு."

அன்று வியாழன், இங்கே சனிக்கிழமைக்குப் பதில் வியாழன்தான் பள்ளிக்கூட விடுமுறை. குமார் பின்னறையில் விளையாடிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு நிறுத்திக் காதைப் பிடித்தேன். "அப்பாவக் கேலி பண்றியாடா? அது போன்ஷூரா?"

அவன் விழித்தான். "போன்ஷூர்தானம்மா?"

"பொய் சொல்லாத."

"நான் ஸ்கூல் போறப்ப தெனம் சொல்வாரே. 'போ'ன்னா போறது. 'நாசமா'ன்னா நல்லபடியா. இல்லியா?"

பூங்காவனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலோரம் இருந்த மனிதர் என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆனால் நான் சொல்லாவிட்டால் இன்றோ நாளையோ வேறு யாரோ சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவன் காதை விட்டேன்.

"நல்லபடியா இல்லடா. அழிஞ்சு போன்னு அர்த்தம்."

அவன் அப்பாவைப் பார்த்தான். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்றாரு?"

"வேற சொல்லு வரலடா அவருக்கு. மண்டைக்குள்ள எல்லாம் இருக்கு. வாய்க்கு வர்றது அது ஒண்ணுதான்."

அவன் பின்னறைக்குப் போனான். இரவு சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு முன்னால் அவனை மெரிக்கு அழைத்துப் போனேன். பிரெஞ்சில் இதை விளக்க எனக்கு ஏது வார்த்தை? குமாஸ்தா எங்களைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பி, சந்தோஷமாக அதைச் சொன்னான். குமாருக்கு முகம் சிவந்தது. மேசைக்கு எட்டிப் படபடவென்று பேசினான். எனக்குப் புரிந்தது 'பப்பா' என்ற ஒரு வார்த்தைதான். குமாஸ்தா கைகளை இறக்கினான். என்னைப் பார்த்து மூன்று தரம் மன்னிப்புக் கேட்டான்.

வெளியே வந்ததும், "என்னடா சொன்ன? அர்த்தத்தச் சொல்லிட்டியா?" என்றேன். அப்போதும் என் பயம் அதுதான்.

"இல்ல. அது போன்ஷூர் இல்ல, எங்க வீட்டுச் சொல்லு, எங்கப்பா மட்டும்தான் சொல்லலாம்னு சொன்னேன்."

ஒன்பது மணிக்கு இந்த ஊர்க்காரர்கள் போய்வந்துகொண்டிருக்கிற தெருவில் அவனைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாயிருந்தது. நடந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவர் நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். வாயை இறுக்கி மூடியிருந்தார். குமார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். குளிர்காற்று வீட்டுக்குள் வந்தது.

"மணி ஆவுதுடா, கெளம்பு," என்றேன்.

"இரும்மா," என்றான். "அப்பா இன்னும் சொல்லல."